இரண்டாம் பாகத்தில் சாகாத இளவரசன்

ஆரணியிலிருந்து செய்யாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“அந்த மந்திரவாதி கதைய இத்தினி வருஷம் கழிச்சு நானே படிச்சேன்,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். “எளவரசன் ரெண்டாம் பாகத்துலயே செத்துட்டான். நீ தறியாண்ட படிச்சுக் காட்டும்போது அஞ்சு பாகமும் உயிரோட இருந்தானே?”

மற்றவள் சிரித்தாள். “நான் படிக்கணும்னு என் பங்கு நூலையும் நீயே சுத்திகினு கேப்ப. அப்ப நீ மாசமா இருந்த. அவன் அடிபட்டதுக்கே சோறு துன்னல. அதான் பொழைக்க வெச்சிட்டேன்.”

“அப்புறம் மூணு பாகம்?”

“நானே கதை கட்டி ஓட்டினேன். பேஜாரு புடிச்ச வேல.”

“புள்ளைக்கு அவன் பேர வெச்சோமே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“தொட்டில்ல போட்டு காதுல அந்தப் பேரச் சொன்னதே நாந்தான். அதுக்கப்புறம் எப்டிடி அவன சாவடிக்கிறது?”