சேற்றில் போட்ட பூசை

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ். முன் சீட்டில் கோட்டுப் போட்ட இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்பது நல்ல பழக்கமில்லைதான். ஆனால் ஜன்னலோரத்தில் இருந்தவர் இப்படிச் சொன்ன பிறகு யாருக்குத் தூக்கம் வரும்?

“சேத்துல வச்சுத்தான் லொறிக்குப் பூசை போடணும்னுட்டாரு நானா.”

“எந்த நானாங்க?”

“லொறிய எனக்கு வித்த முஸ்லிம் மெக்கானிக்குதான். சண்டைக்காலத்துப் பட்டாள லொறிங்க. துருப்புடிச்சுக் கெடந்ததத் தூக்கியாந்து, ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஆணியாக் கழட்டி மாட்டியிருக்காரு.”

“அதுக்குச் சேறு எதுக்கு?”

“முன்சக்கரம் பின்சக்கரம்னு நாலு சில்லும் இழுக்கும்னாரு, நான் நம்பல. வாங்குற அன்னைக்கு எங்க தோட்டத்துப் பூசாரியக் கூட்டிட்டுப் போனேன். ரோட்டுல எலுமிச்சம்பழம் வச்சா எந்த வண்டியும் நசுக்கும்னு சொல்லிட்டு, நானா லொறியச் சேத்துல விட்டாரு. பின்சில்லு ரெண்டும் பாதி பொதைஞ்சிருச்சு. முன்சில்லுக்கு முன்னாடி பலகையப் போட்டு, அதுமேல பழத்த வச்சாரு.”

“அப்புறம்?”

“பின்சில்லு சும்மா வழுக்கிக்கிட்டுச் சுத்துது. நானா இன்னொரு கியரத் தள்ளுனாரு. முன்சில்லு ரெண்டும் பழத்த நசுக்கிக்கிட்டு மொத்த லொறியையும் மேல இழுத்துருச்சுங்க!”

“பூசாரி?”

“கற்பூரத் தட்டோட லொறியச் சுத்தி வந்தவரு, நானா மொகத்துக்கும் ஒரு சுத்து காட்டிட்டாரு.”

“ஐயோ! நானா என்ன செஞ்சாரு?”

“எண்ணெய் ஒழுகுதான்னு பாக்குறேன்னு லொறிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டாருங்க. பூசாரி தட்டக் கீழ வைக்கிற வரைக்கும் வெளிய வரவேயில்ல.”