பக்கத்து இருக்கை

பழைய எஞ்சினை எழுப்ப நினைப்பவர்கள் முதலில் சாவியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு ஒரு தடவை திருகினால் போதும், உள்ளே இறுகிக் கிடக்கும் பிஸ்டன் கெட்டுவிடும். நான் பொறுமைசாலி சார். தைரியம் இல்லாதவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

அந்தச் சிவப்பு ரேஸ் வண்டி என் அக்காவின் கணவருடையது. இரண்டே இருக்கை. அவர்களுக்குள் சண்டை வந்தால் மாமா கை நீட்ட மாட்டார். அந்த விஷயத்தில் மரியாதையான மனிதர். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டிலிருந்து இறங்கும் மலைச்சாலையில் வண்டியை விடுவார். "தப்பு என்னுதுதான்" என்று அவள் சொல்லும்வரை பிரேக்கில் கால் வைக்க மாட்டார். திரும்பி வந்ததும் அக்கா வாசலிலேயே வாந்தி எடுப்பாள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு எங்களுக்குச் சாப்பாடு போடுவாள். ஒருநாள் எஞ்சின் சூடேறி இறுகி நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் பல வருடம் நிம்மதியாகத் தூங்கினாள்.

போன வருடம் மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டில் சும்மா இருக்கும் மனிதருக்குச் சண்டைக்கு நேரம் அதிகம். என் பட்டறைக்கு வந்து, "டேய் பயந்தாங்கொள்ளி, வண்டிய ஓட வச்சிடு. உங்கக்காவுக்கு வாய் நீண்டுபோச்சு" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நீங்கள் மாமாவைப் பார்த்ததில்லை. உயிரோடு பார்த்ததில்லை என்று சொல்ல வந்தேன்.

பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகள் வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஸ்பேனரால் ஒரு மயிரிழை திருப்பிப் பார்ப்பேன். வார்னிஷ் நாற்றம் அடித்த பழைய பெட்ரோலை வடித்தேன். கார்புரேட்டரைப் பிரித்துக் குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் துடைத்தேன். கடைசியில் எஞ்சின் இருமி, புகை கக்கி, பிறகு சீராக ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்நெஞ்சக்காரன் அழுவானா, நீங்களே சொல்லுங்கள்.

பிரேக்கை மட்டும் தொடவில்லை. வருடக்கணக்கில் கிடந்த பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாசலில் மிதித்துப் பார்த்தால் கெட்டியாக, யோக்கியமாகத்தான் இருக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். மிதிக்கிற பெடல் வெறுமனே கீழே போகும். நான் எதையும் அறுக்கவில்லை, கழற்றவில்லை. மாற்ற வேண்டியதை மாற்றவில்லை, அவ்வளவுதான்.

முதல் ஓட்டம் அவர் தனியாகப் போவார் என்று நினைத்திருந்தேன். எங்கள் தொழில் வழக்கத்தை நானே மறந்துபோனேன்: எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தவன் முதல் ஓட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்க வேண்டும். மாமா மறக்கவில்லை. கதவைத் திறந்துபிடித்து, "ஏறுடா" என்றார்.

வயிறு சரியில்லை என்றேன். தலை சுற்றுகிறது என்றேன்.

"ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணுடா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். "வண்டில ஏதாவது பண்ணி வச்சிருக்கியா?"

குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தேன். அதற்குள் அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

"அவனை விடுங்க. சின்னதிலேர்ந்தே அவனுக்கு வேகம்னா பயம். நான் வரேன்."

ஏறி உட்கார்ந்தாள். நிமிர்ந்து என்னைக் கேட்டாள்: "பிரேக் எல்லாம் பார்த்துட்டேல்ல, தம்பி?"

மாமாவின் கண் என் மேலேயே இருந்தது.

"பார்த்துட்டேன்க்கா" என்றேன்.

அந்தப் பக்கத்துக் கதவு இழுத்து அடித்தால்தான் மூடும். நான்தான் அடித்து மூடினேன்.

முதல் வளைவில் வண்டி பிரேக் பிடித்து அழகாகத் திரும்பியது. கத்தியிருக்கலாம், கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. கத்தினால் மாமாவுக்குத் தெரிந்துவிடுமே சார். எஞ்சின் சத்தம் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. பிசிறே இல்லாத சத்தம். பிறகு அதுவும் நின்றது.

மாமாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அக்காவைப் பற்றி எழுதும்போது, இனி அவள் யார் பக்கத்திலும் பயந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்காகத்தான் செய்தேன்.