படுக்க வச்சுத் தூக்கு

விக்க மாட்டேன்னா விக்க மாட்டேன்தான், டேமியன். சும்மா நிக்கறப்பவே இருநூத்தி அறுபது கிலோ. பெட்டி மாட்டி, டேங்க்கை நிரப்பி, கூடாரம், அடுப்பு எல்லாம் ஏத்தினா முன்னூத்தி இருபதைத் தாண்டிரும். இந்த பைக்கை ஓட்டிக்கிட்டு மர்ரி ஊர்லேர்ந்து பேர்ட்ஸ்வில் வரைக்கும் பாலைவன மண் பாதையில போகப் போறியாம். தூ.

கோவிச்சுக்காத, உன்னைத் துப்பல. வாய்க்குள்ள ஈ போயிருச்சு. சரி, உன்னையும் கொஞ்சம் சேர்த்துத்தான்.

வீடியோவுல பார்த்தியா? எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க. ஒருத்தன் மணலை வாரி இறைச்சுக்கிட்டுப் பறப்பான். பின்னாடி ரெண்டு ஜீப்புல மெக்கானிக்கும் சமையல்காரனும் வர்றதை மட்டும் காட்ட மாட்டான். போன வாரம் அடிலெய்டுலேர்ந்து ஒரு பல் டாக்டர் வந்தான். பூட்ஸ்ல விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கல. ஸ்பிரிங்கை போன்லயே இறுக்கலாமாமே, அந்த மாதிரிதான் வேணுமாம். எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துது. பாதை பூரா துணி துவைக்கிற கல்லு மாதிரி வரி வரியாக் கிடக்கு. பத்தாவது கிலோமீட்டர்ல போனே கழண்டு விழுந்துரும். அப்புறம் எதை வச்சு இறுக்குவான், நாக்கை வச்சா?

உனக்கு ஏத்தது அந்த மூலையில நிக்குது பாரு. ஆமா, அதான். அசிங்கமாத்தான் இருக்கும். நீ என்ன அழகா? அறுநூத்தம்பது சிசி, ஒத்தை சிலிண்டர். கம்பி போட்ட சக்கரம், கல்லுல அடி வாங்கினாலும் தட்டி நிமித்திக்கலாம். உனக்குப் பிடிச்ச அந்த வார்ப்புச் சக்கரம் விண்டு போச்சுன்னா அங்கயே உக்காந்து அழ வேண்டியதுதான். ஒரு தடவை நிரப்பினா நானூறு கிலோமீட்டர். தார் ரோட்டுல நூத்திப் பத்துல போகும், அதுக்கு மேல முறுக்கினா முனகும். முனகட்டும். ரெண்டு பக்கமும் துணிப் பைதான். அலுமினியப் பெட்டி நான் மாட்டறதில்ல. வண்டி சாய்ஞ்சா கால் பெட்டிக்கு அடியில போயிரும்.

நீ விழ மாட்டியா? யப்பா, நீ இன்னும் மாவுத் தூசியில வண்டி விட்டதில்ல. வழவழன்னு பாதை மாதிரியே தெரியும், உள்ள முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். நாப்பது வருஷமா ஓட்டறேன், நானே விழுந்திருக்கேன்.

சரி, பெரிசுதான் வேணும்னு அடம் பிடிக்கிறவனுக்கு ஒரு பரீட்சை வச்சிருக்கேன். வெளிய மணல் கொட்டிக் கிடக்கு பார்த்தியா, என் வெள்ளை பிக்கப் வண்டிக்குப் பக்கத்துல? இந்தப் பெரிசை டேங்க் நிறையப் பெட்ரோலோட, மூட்டை முடிச்சோட அதுல படுக்க வைக்கணும். அப்புறம் தனியாத் தூக்கி நிறுத்தணும். நான் கை குடுக்க மாட்டேன். நிறுத்திட்டன்னா இதே மாதிரி புதுசா ஒண்ணு வரவழைச்சுத் தர்றேன். பல் டாக்டர் மூணு தடவை முக்கிட்டு, முதுகைப் பிடிச்சுக்கிட்டு, என்னைக் கிறுக்கன்னு திட்டிட்டுப் போனான்.

நொரீனும் அதைத்தான் சொன்னாளா? ராத்திரி அவ பப்லதானே தங்கினே, சொல்லாம விடுவாளா? தலைக்கனம் பிடிச்சவன்னும் சொல்லியிருப்பா. நீ வர்ற வழியில எதிர வந்தவன் எல்லாம் ஸ்டியரிங்லேர்ந்து ஒரு விரலைத் தூக்கினான்ல? அதான் எங்க ஊர் வணக்கம். நான் தூக்கறதில்ல. ரோட்டோரம் யார் நின்னாலும் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்க் கேப்பேன். ஒண்ணுக்குப் போறவனைக்கூட விடறதில்ல. சிரிக்கறாங்க, சிரிச்சுட்டுப் போறாங்க.

டெஸ் கதையும் சொல்லிட்டாளா? அந்த ஸ்கூல் வாத்தியார்தான். அவனுக்கு நான்தான் வித்தேன். நீ கையை வச்சுக்கிட்டு நிக்கறியே, இதே வண்டிதான். திருப்பி வாங்கி வச்சிருக்கேன். அப்ப பரீட்சை எல்லாம் கிடையாது. நல்லாச் சிரிச்சுப் பேசினான், குடுத்து அனுப்பிட்டேன். பாதையைச் சமப்படுத்துற வண்டி ஓரத்துல மண்ணை ஒதுக்கி மேடு கட்டிட்டுப் போகும். அந்த மேட்டைத் தாண்டி விழுந்தான். இடது கால் மேல பெட்டி, பெட்டி மேல வண்டி. மறுநாள் காலையிலதான் அந்தப் பாதை சமப்படுத்துற வண்டிக்காரன் பார்த்திருக்கான். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

இல்ல, என் மேல அவனுக்குக் கோவமே இல்ல. அதான் இன்னும் அருவருப்பா இருக்கு. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வருது. 'வண்டி வித்தது உங்க தப்பில்ல, வெர்ன்'னு என் பேரைப் போட்டு எழுதறான்.

அவன் போலீஸ்ல சொன்னது ஒண்ணுதான். சாயங்காலம் ஒரு வெள்ளை வண்டி போச்சு, ஓட்டினவன் என்னைப் பார்த்தான், விரலைத் தூக்கிட்டுப் போயிட்டான்னு. பப்ல அதைக் கேட்டு ஊரே காறித் துப்பிச்சு. அந்தக் கை புழுத்துப் போகும்னா நொரீன். நானும் அங்கதான் இருந்தேன். பீர் கிளாஸை டங்குன்னு வச்சுட்டு, எந்த நாய்டா அவன்னு கேட்டேன். இருக்கறவங்களை எல்லாம்விடச் சத்தமாக் கேட்டேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் தலையும் ஒரு கையும்தான் தெரிஞ்சுது, டேமியன். ஹெல்மெட்டைக் கழட்டி மேட்டு மேல வச்சிருந்தான். உன்னை மாதிரி ஒரு பய, வண்டியை ஓரங்கட்டிட்டு டீ போட்டுக் குடிக்கிறான்னு நினைச்சேன். என் கடையில வாங்கினவன்னுகூடத் தெரியல. அவன் கையைத் தூக்கினான். நான் விரலைத் தூக்கினேன்.

சரி வா, வெயில் ஏறுது. வண்டியை உருட்டிக்கிட்டு வெளிய வா. என் வெள்ளை வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தறேன், படுக்க வைக்க உனக்கு இடம் பத்தாது.