விலாசம் சொல்லுங்க சார்

இல்லைங்க, தாராளமா உக்காருங்க. பாலின் முறைக்கிறது உங்களை இல்ல, என்னைத்தான். ஆமா, ஓரெஸ்ட்டோட வீட்டுக்காரி. நான் அவனோட அக்கா, ஹாலியா. மாவு மில்லுல அவன்கூட வேலை பார்த்தீங்களா? சாஸ்கட்டூன்லேர்ந்து இந்தப் பனியில வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க, மொதல்ல சாப்பிடுங்க. இந்தப் பெரோகி கொழுக்கட்டை ஆறிப்போச்சுன்னா வாயில வைக்க முடியாது.

குடும்பத்தோட உக்காரலையான்னா கேக்கறீங்க? பாலின் வேணாம்னுட்டா. மேல சர்ச்சுல அவன் அடக்கப் பூசையிலயும் எனக்குக் கடைசி பெஞ்சுதான். நான் அழலைன்னு கோவமாம், இங்க பேசிக்கிறாங்க. அட போங்க, அது இல்ல காரணம்.

பத்தொன்பது வருஷமா அவசர போன் எடுக்கிற வேலைங்க எனக்கு. இந்தப் பக்கம் யாரு நைன் ஒன் ஒன் அடிச்சாலும் நாங்கதான். அலறுவாங்க, குழந்தை மூச்சு விடலைம்பாங்க. நான் ஒரே குரல்ல, நிதானமாச் சொல்லுங்கம்மா, விலாசம் என்னன்னு கேப்பேன். அந்தக் குரலுக்கு ஆபீஸ்ல கேடயம் குடுத்தாங்க. அதே குரல்ல வீட்ல பேசினா என் பொண்ணு கத்துவா, நான் என்ன சாகவா கெடக்கேன், அம்மா மாதிரி பேசும்மான்னு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு போன். நெஞ்சு வலின்னு ஒரு ஆம்பளை. ரெண்டே வார்த்தையில தெரிஞ்சிடுச்சு, ஓரெஸ்ட்டு. அவனுக்கும் தெரிஞ்சிடுச்சு. ஹால்கா, நீயான்னான். அவன் ஒருத்தன்தான் என்னை அப்படிக் கூப்பிடுவான்.

சார், உங்க விலாசத்தைச் சொல்லுங்கன்னேன்.

நான் பொறந்த வீடுங்க அது! ஆனா கூப்பிட்டவங்க வாயாலதான் வாங்கணும், எங்க விதி. பொய் எதுக்கு, விதி மட்டும் இல்ல. நான்தான்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே உடைஞ்சிருப்பேன். அப்புறம் ஆம்புலன்ஸை யாரு அனுப்பறது? பதினோரு நிமிஷத்துல போயிடுச்சுங்க. போயும் பிரயோஜனமில்ல.

பாலின் அவன் பக்கத்துலயே நின்னா, எல்லாத்தையும் கேட்டுட்டா. கூடப்பொறந்தவனை எவளாவது சார்ம்பாளான்னு ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டா. அன்னிக்கு நிறுத்தினதுதான் எங்கிட்ட பேச்சை.

அவனா? வீட்டு நம்பரெல்லாம் ஒழுங்காச் சொன்னான். சொல்லிட்டு, சரிங்க மேடம்னான். அதுக்கப்புறம் பேசல.

நானும் அஞ்சு நாளா அதையே நெனைச்சு நெனைச்சுப் பார்க்கிறேன். சின்ன வயசுலேர்ந்தே என்னை ஓட்டுறவன்தான், கிண்டலா இருக்கலாம். இல்ல, இவளும் இப்படிப் பேசிட்டாளேன்னு மனசு விட்டுப்போய்ச் சொன்னானோ என்னமோ. எனக்குக் குரல் மட்டும்தானே கேட்டுச்சு. மூஞ்சியப் பார்த்தது பாலின்தான்.

நீங்க அவகிட்ட துக்கம் விசாரிக்கப் போவீங்கல்ல? அப்படியே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்களேன். நான் கேட்டேன்னு சொல்ல வேணாம். அதைச் சொல்லும்போது அவன் சிரிச்சானான்னு மட்டும்.