ரம்யா நகர்த்திய புள்ளிகள்

க்ரீக்... க்ரீக்... சரக்!

சாயங்காலம் ஏழு மணி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், வீடுகள் முடிந்து கரும்புக்காடு தொடங்கும் இடம். அங்கே ஒற்றையாக, பின்பக்கம் வீட்டோடு ஒரு ஸ்டிக்கர் கடை. உள்ளே ரம்யா மட்டும். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் தானாக ஓடத் தொடங்கியது.

அவள் அதற்கு உத்தரவு கொடுக்கவில்லை. அவள் விரல் இருந்தது வேறு பட்டனில்... செய்ததையெல்லாம் அழித்துப் பழையபடி ஆக்கிவிடும் பட்டனில்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் அறிவுச்செல்வனின் சித்தி மகளுக்கு நடந்தது. அவளே வந்து சொன்னாளா என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

ரம்யா, கடைக்காரன் பிரவீன்குமாருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி தனுஷா காய்ச்சலில் போய்விட்டாள். மலைமேல் கரியாலூரில், அவள் அப்பா ஆதிமூலத்தின் மரவள்ளிக் காட்டு ஓரத்தில் புதைத்திருந்தார்கள். வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட போட்டோ ஒன்று உண்டு. அதைப் பார்த்து ரம்யாவுக்குப் பொறாமை வந்ததில்லை. போட்டோவை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம்.

அவளை அரித்தது வேறு. பிரவீன் தன் கையால் பென்சிலில் வரைந்த தனுஷாவின் முகம். பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில், பத்திரமாக.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டாள்.

"மாமா, என்னையும் ஒருதபா வரையேன்."

பென்சிலை எடுத்தான். பேப்பரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பென்சிலைக் கீழே வைத்தான்.

"கை வரல ரம்யா."

அதன்பிறகு பலமுறை கேட்டாயிற்று. அதே பதில்தான்.

இந்த நிலைமையில்தான் ஆதிமூலம் மகளுக்கு நினைவுக்கல் நட ஆசைப்பட்டார். கறுப்புக் கிரானைட்டில் முகம் செதுக்க வேண்டும். முகத்தை ஸ்டிக்கரில் கோடு கோடாக வெட்டிக் கல்லில் ஒட்டுவார்கள். திறந்திருக்கும் இடத்தில் மணலைப் பீய்ச்சி அடித்தால் உருவம் பதிந்துவிடும். போட்டோவில் கோடு பிடிக்க வராது என்று, பீரோவிலிருந்து பென்சில் படம் வெளியே வந்தது. ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினால், சதுரம் சதுரமாக உடைந்தது. கம்ப்யூட்டரையே கோடு போடச் சொன்னால், கன்னம் ரம்பப் பல் மாதிரி வந்தது.

"நீதான் கையால ட்ரேஸ் பண்ணணும். உன்ன மாரி வழவழன்னு வளைவு போட இந்த ஊர்ல ஆளே இல்ல" என்றான் பிரவீன். புகழ்ச்சிதான். எந்த முகத்துக்காகக் கிடைத்த புகழ்ச்சி என்பதுதான் கசந்தது.

ட்ரேஸ் வேலை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். படத்தின் மேல் ஒரு புள்ளி. சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளி. நடுவில் கோட்டைப் பிடித்து இழுத்து வளைக்க வேண்டும். நெற்றி, புருவம், மூக்கு நுனி, உதடு... திரையில் மூச்சுப் படுகிற அளவுக்கு மூக்கை ஒட்டி உட்கார்ந்து செய்ய வேண்டும். புருஷன் எங்கே பென்சிலை அழுத்தினான், எங்கே மெதுவாகத் தடவினான், உதட்டை எத்தனை முறை அழித்து அழித்துச் சரியாக்கினான்... எல்லாம் ரம்யா கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு புள்ளியை லேசாக நகர்த்தினாள். தனுஷாவின் கண்ணோரம் கொஞ்சம் இறங்கியது. இன்னொன்று. மூக்கு குட்டையானது. தாடையில் இரண்டு புள்ளிகளை அழித்தாள், முகம் உருண்டது. நிமிர்ந்து பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். சாயங்காலம் முடிவதற்குள் திரையில் இருந்தது தனுஷா இல்லை.

ரம்யா.

அவன் வரையாத முகத்தை, அவன் பென்சில் கோட்டின் மேலேயே அவள் வரைந்துகொண்டாள்.

அப்புறம்தான் உறைத்தது... இது ஏறப்போவது சமாதிக் கல்லில். பயந்து, எல்லாவற்றையும் அழிக்கும் பட்டனில் விரலை வைத்த அந்த நொடியில்தான் மெஷின் ஓடத் தொடங்கியது. க்ரீக்... சரக்! கேபிளைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. கத்தி நிதானமாக, அவள் கண்ணை வெட்டியது, மூக்கை வெட்டியது, உதட்டை வெட்டியது. சூடான பசை வாசனை கடையை நிறைத்தது. வெட்டி முடித்துத் தானாக நின்றது.

கிழித்து எறிந்திருக்கலாம். எறியத்தான் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து பிரவீன் உள்ளே வந்தான். ஸ்டிக்கரை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தான். அவன் கண் கலங்கியது.

"அப்டியே தனுஷா..."

ரம்யாவின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான்! அதிலும் தனுஷாதான் தெரிகிறாள்! ரம்யா ஸ்டிக்கரை வெடுக்கென்று வாங்கிச் சுருட்டினாள். மறுநாள், ஏறினால் ஏறட்டும் என்று, கல் அடிக்கும் பட்டறைக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கல் நடுகிற நாள். பிரவீனுக்குக் கல்யாண பேனர் வேலை. ரம்யாதான் கல்லோடு டெம்போவில் ஏறினாள். ஓட்டியவன் கண்ணாயிரம்.

"இன்னாக்கா, சக்களத்தி கல்லுக்கு நீயே காவலா? மாமன் குடுத்துவெச்ச ஆளு!"

"வாய மூடிக்கினு ரோட்டப் பாரு."

கோமுகி அணை தாண்டி மலை ஏறினார்கள். ஆதிமூலமும் இரண்டு ஆட்களும் கல்லை இறக்கி நட்டார்கள். சாக்கை உருவியதும் ரம்யா ஓரடி பின்வாங்கினாள். கறுப்புக் கல்லில், தனுஷா என்ற பேருக்கு மேலே, அவள் முகம். ஆதிமூலம் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தாள். பெற்றவர் இல்லையா?

கிழவர் குனிந்து கல்லின் கன்னத்தைத் தடவினார்.

"எம்பொண்ணு... எம்பொண்ணேதான்."

ரம்யா கல்லைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். எத்தனை நேரம் நின்றாள் என்று தெரியாது. இருட்டுக் கட்டியது. மரவள்ளி இலைகள் சலசலத்தன... காற்றே இல்லை. தூரத்தில் டெம்போ கிளம்பும் சத்தம். ஓடினாள். ஆதிமூலம் சாலையில் நின்று, இறங்கிப் போகும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வண்டி எங்க போவுது? என் பை, போனு எல்லாம் அதுல இருக்குது!"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரும்மா? கல்லு கொண்டாந்த பொண்ணு முன்னால குந்திக்கினு இப்பதான போச்சி."

ரம்யா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கடைசி பஸ் வந்தது. பெண்களுக்குக் காசில்லாத பஸ். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், அவள் முகத்தில் அவர் பார்வை நிற்கவே இல்லை... எண்ணெய்மேல் விழுந்த தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மலைப்பாதை வளைவுகளில் ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கண் இருந்தது. மூக்கு இருந்தது. உதடு இருந்தது. எல்லாம் வழவழவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல்... யாருடையதாகவும் இல்லாமல். கன்னத்தில் தழும்பு இருந்த இடத்தைத் தடவினாள். சின்ன வயதில் அருவிப் பாறையில் விழுந்த தழும்பு. விரலுக்கு அகப்படவில்லை.

கடை வாசலில் டெம்போ இல்லை. முன்னால் ஏறி வந்தவளைக் கண்ணாயிரம் இறக்கிவிட்டுப் போய்விட்டான் போல. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பின்பக்க வீட்டுக் கூடத்தில் விளக்கு. உள்ளே ஒரு பெண் சிரிக்கும் சத்தம். ரம்யாவுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அவளுடைய சிரிப்புதான் அது.

இன்னொரு சத்தமும் கேட்டது. சர்... சர்... சர்... முரட்டுப் பேப்பரில் எதுவோ உரசுகிற சத்தம்.

கதவைத் தட்டினாள்.

"மாமா! மாமா, நான்தான்!"

உரசல் நின்றது. சிரிப்பும் நின்றது. காலடி. தாழ்ப்பாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது. பிரவீன்தான். விரல் நுனியெல்லாம் கரி. இத்தனை நாளில் அவள் பார்த்திராத ஒரு சந்தோஷம் அவன் முகத்தில். அவளைப் பார்த்தான், யாரோ வழி தப்பி வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அவன் பார்வையும் அவள் முகத்தில் நிற்கவில்லை.

"யாரும்மா நீங்க? கடை மூடியாச்சி, காலைல வாங்க... இன்னிக்கித்தான் என் ரம்யாவ வரைய எனக்குக் கை வந்துக்கினு இருக்குது."