வெறுங்கை ராடிம்

விஷப்பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் வாங்க வேண்டியது பாம்பு இல்லை, மேடம், ஒரு நல்ல பூட்டு. வகுப்பின் முதல் நாள் இதைச் சொன்னதும் புதிதாக வந்தவர்களின் முகம் தொங்கிப்போகும். தோளில் நாகப்பாம்பைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்திருப்பார்கள். நானோ பூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பேன். அப்புறம் கதவுக்கு அடியில் உள்ள இடைவெளி. அப்புறம் பாம்பைத் தூக்கும் கொக்கிக் கம்பி. பாம்பு கடைசி வகுப்பில்தான் வரும். அதற்குள் பாதிப் பேர் மீன் வளர்க்கப் போய்விடுவார்கள். அதையும் நான் வெற்றியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஓட்டகர் ஸாப்லெடல், ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், நம்மூர்ப் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவன். சங்கத்துக்கு விசாரணைக்கு வந்து நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் உண்மையான பதில்தான் சொன்னேன். நீங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்ல இப்போது வந்திருக்கிறேன். காப்பிக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம்.

ராடிம் போன இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தான். பாய்லர் பழுதுபார்ப்பவன். பெரிய கைகள், அதைவிடப் பெரிய சிரிப்பு. எல்லோருக்கும் அவனைப் பிடித்தது, எனக்கும் பிடித்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டு பாய்லர் முனகிக்கொண்டிருந்ததை ஒரு பேச்சுக்குச் சொன்னேன், மறுநாளே வந்து சரிசெய்துவிட்டுப் போனான். ஒரே ஒரு குறை. பூட்டு வாங்குவதற்கு முன்பே பாம்பை வாங்கிவிட்டிருந்தான். அதுவும் பவளப் பாம்பு. ஜெர்மனியில் ஒரு சந்தையில் வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, காரில் பக்கத்து இருக்கையிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"சீட் பெல்ட் போட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன், வாத்தியாரே. பாதுகாப்பு பாதுகாப்புன்னு நீங்கதான அடிச்சுக்கறீங்க" என்றான். வகுப்பே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. பவளப் பாம்பு கூச்ச சுபாவமுள்ளது, அழகானது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வளையல் அடுக்கியதுபோல இருக்கும். அதன் கடி பெரிதாக வலிக்காது, வீங்காது. ஒன்றுமில்லை என்று நினைத்துக் கடிபட்டவர் தன் வேலையைப் பார்க்கப் போவார். சில மணி நேரம் கழித்து இமை சரியும், நாக்கு தடிக்கும், கடைசியில் மூச்சுக்கான தசைகள் ஓய்ந்துபோகும். அதனால் கடித்த உடனே, வலி இருக்கிறதோ இல்லையோ, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். போனவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். ராடிம் அன்றைக்கு வரவில்லை. அடுத்த வாரம் ஒரு பொட்டலம் தொத்திறைச்சியோடு வந்து எல்லோருக்கும் விநியோகித்தான்.

அவன் வீட்டுக்குப் போய் நானே பாம்பு அறையைச் சரிசெய்து கொடுத்தேன். நிலவறையில் பாய்லருக்குப் பக்கத்து அறை. கதவுக்கு ரப்பர் பட்டை, கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு, சுவரில் அவசர எண். நிலவறைக்கும் பெட்டிக்கும் இரண்டாவது சாவி பொறுப்பான வேறொருவரிடம் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அவன் யோசிக்கவேயில்லை.

"உங்களவிட பொறுப்பான ஆள் இந்த ஜில்லாவுலயே கிடையாதே. வச்சுக்கங்க" என்று என் சட்டைப் பையில் போட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் சொல்லாமல் எட்டிப் பார்த்தேன். அவன் பாம்பைத் தூக்கிக்கொண்டிருந்தான். கொக்கிக் கம்பி மூலையில், வாங்கிய உறையோடு இருந்தது. கையில் மனைவி ஸ்டானாவின் அடுப்புக் கையுறை. பூப்போட்டது. நீங்களே சொல்லுங்கள், மேடம், என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? சொல்லித் திருந்துகிறவன் இல்லை. பாம்பைப் பிடுங்கினால் இன்னொன்று வாங்கி வருவான்.

விஷமே இல்லாத இன்னொரு பாம்பு இருக்கிறது. பால் பாம்பு என்போம். அதே மூன்று நிறங்கள், அதே வளையங்கள். ராடிம் வாங்கிய வகைப் பவளப் பாம்பில் சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருக்கும். பால் பாம்பில் சிவப்பும் கறுப்பும் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். முதல் வகுப்பிலேயே படம் போட்டுக் காட்டுவேன். அவன் வேலைக்கும் ஸ்டானா பேக்கரிக்கும் போயிருந்த நேரம் பார்த்து, அதே அளவில் ஒரு பால் பாம்பை அவன் பெட்டியில் விட்டுவிட்டுப் பவளத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொக்கிக் கம்பியால், மூடியுள்ள வாளியில், விதிப்படி.

அதுவரை நான் செய்தது ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றிய காரியம். இதை யாரும் மறுக்க முடியாது. சொல்லி மகிழக்கூட ஆளில்லாமல் செய்தேன்.

அவனே கண்டுபிடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. பவளப் பாம்பு மற்ற சிறு பாம்புகளையும் பல்லிகளையும் தின்னும். பால் பாம்பு எலியை ஆசையாகத் தின்னும். வகுப்பில் வேண்டுமென்றே அவனை எழுப்பிக் கேட்டேன்.

"பவளப் பாம்பு என்ன சாப்பிடும், ராடிம்?"

"மத்ததெல்லாம் என்னவோ சாப்பிடும். என்னோடது எலி சாப்பிடுது. நான் பழக்கிட்டேன்."

கைதட்டினார்கள், மேடம்.

கையுறை போய்விட்டது. வெறுங்கை வந்தது. ஒருநாள் 'பழைய ஆலை' மதுக்கடையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது உள்ளே வந்து, கடை நடத்தும் ட்ராஹோமீராவின் மூக்குக்கு நேரே விரலை நீட்டினான். சின்னச் சின்னப் புள்ளியாய் பல் தடம்.

"பவளப் பாம்பு கடிச்சது. நேத்து காலையில. பாருங்க, குத்துக்கல்லு மாதிரி நிக்கறேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். அதைச் சொன்னேன் என்பதற்கு அங்கிருந்த அத்தனை பேரும் சாட்சி.

"ஆரம்பிச்சுட்டாருடா பிரசங்கம்" என்றான் ராடிம். "வாத்தியாரே, எங்க தாத்தா காலத்துலேர்ந்து பிளம் சாராயம் குடிச்ச ரத்தம் இது. அந்தப் பாம்புக்குத்தான் ஏதாவது ஆகியிருக்கும்."

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் ஒரு மனிதனை அவமானப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. தனியாகச் சொல்லலாம் என்று ஒத்திவைத்தேன். அப்புறம் அவன் தனியாக இருந்ததே இல்லை. எப்போதும் சுற்றி ஆட்கள்.

வசந்தத்தில் சனிக்கிழமைகளில் சங்கத்தில் அவன் ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தான். வெறுங்கை ராடிம் என்று ஊரே சொன்னது. பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு கையால் பீர் குடிப்பான். பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் வந்தார்கள். என் வகுப்பும் சனிக்கிழமைதான், அடுத்த அறையில். முதலில் பின்வரிசை காலியானது, பிறகு நடுவரிசை. கடைசியில் சிரில் என்ற கிழவர் ஒருவர் மட்டும் மிஞ்சினார். நான் கதவு இடைவெளியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன், உங்களுக்கு எந்தப் பாம்பில் ஆர்வம் என்று.

"பாம்பா? எனக்கு அதுகளக் கண்டாலே ஆகாதுங்க. இந்த ரூம்ல ஹீட்டர் நல்லா இருக்கு, அதான்."

அந்த ஹீட்டரையும் ராடிம்தான் சரிசெய்திருந்தான்.

எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். கவலை. அவனைப் பார்த்துவிட்டு எத்தனை இளைஞர்கள் நிஜமான விஷப்பாம்பை வெறுங்கையால் தொடப்போகிறார்கள் என்ற கவலை. ஒரு தவறான பாடம் ஊர் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அதற்கு நான்தான் உபகரணம் கொடுத்திருக்கிறேன் என்பது உறுத்தியது. அதோடு, யோசித்துப் பார்த்தால், அவனுடைய பவளப் பாம்பு மாதக்கணக்காக என் வீட்டில் இருந்தது. அடுத்தவர் பொருளை அப்படி வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். நான் திருடன் இல்லை. ஆகவே திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்குக் குழந்தைகளும் வருவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அவர்கள் மாதா கோயிலுக்குப் போயிருந்தபோது மாற்றி வைத்தேன். பாம்பு நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது, என்னிடம் அதற்கு எந்தக் குறையும் இல்லை. மதியம் சாப்பாடு முடிந்ததும் போய்க் கதவைத் தட்டினேன். உன் பாம்பைப் பார்க்க வேண்டும் என்றேன். அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

"கடைசியில நீங்களே வந்துட்டீங்களா, வாத்தியாரே? வாங்க வாங்க."

தனியாகப் பெட்டியைத் திறக்கக் கூடாது, எப்போதும் இன்னொருவர் கூட இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் போனேன். கதவருகே, சொல்லப்பட்ட தூரத்தில் நின்றேன். அவன் பூட்டைத் திறந்தான், மூடியைத் தூக்கினான். பாம்பு விளக்கடியில் சுருண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவன் முகம் அதற்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டே கையை விட்டான். பெட்டி திறந்திருக்கும்போது கூட இருப்பவர் பேசக் கூடாது, கையாளுகிறவரின் கவனம் சிதறும். நான் பேசவில்லை.

அது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கடித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றது. அவன் மெதுவாக எடுத்து உள்ளே விட்டான்.

"இன்னிக்கு அம்மணிக்கு மூடு சரியில்ல" என்றான். கையைக் கழுவினான். "வாங்க, ஒரு பீர் அடிப்போம். இன்னிக்கு என் செலவு."

போனோம். வினிகரில் ஊறிய தொத்திறைச்சி வாங்கிக் கொடுத்தான். ஹாக்கியைப் பற்றி, பாய்லர்களைப் பற்றி, அடுத்த வருடம் வாங்கப்போகும் நாகப்பாம்பைப் பற்றிப் பேசினான். வெகு நாட்களுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு மேசையில். நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரியின் எண் எப்போதும்போல என் பணப்பையில் இருந்தது. அவனுக்கும் தெரியும், சுவரில் ஒட்டியிருக்கிறதே. கடித்தால் கூப்பிட வேண்டியது கடிபட்டவன்.

சாயங்காலமானபோது அவன் இமைகள் இறங்கின. என்னை உற்றுப் பார்த்தான்.

"வாத்தியாரே, நீங்க ரெண்டு ரெண்டா தெரியறீங்க. உங்களை ஒருத்தரா பாக்கறதே கஷ்டம்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக இல்லை, நிஜமாகவே நல்ல ஜோக். "என்ன ராடிம், நாலு கிளாஸுக்கே சாஞ்சுட்ட, வயசாயிடுச்சா?" என்று ட்ராஹோமீரா கேட்டாள். அவன் சொன்ன பதில் யாருக்கும் புரியவில்லை. நாக்கு தடித்துவிட்டது. நானும் ட்ராஹோமீராவின் கணவரும் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோய் சோபாவில் படுக்க வைத்தோம்.

ஸ்டானா குனிந்து பார்த்தாள். "மூச்சு ஒரு மாதிரி இருக்கே, ஓட்டகர்?"

"பீரும்மா. தூங்கட்டும்" என்றேன்.

போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டதும் நான்தான். காலையில் அவள் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது அவன் குளிர்ந்திருந்தான்.

ஆமாம், மேடம், அதைத்தான் சொல்கிறேன். நான்தான். பால் பாம்பு என் வீட்டுச் சமையலறையில், ஜன்னலோரப் பெட்டியில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் தண்ணீர் மாற்றச் சொல்லுங்கள்.

இதை நான் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள், ஸ்டானா என் தோளில் சாய்ந்து அழுதாள், எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஆனால் நேற்று சங்கக் கூட்டம். புதியவர்கள் வகுப்புக்கு ராடிம் நினைவு வகுப்பு என்று பெயர் வைக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள், சிரில் உட்பட. பாம்பைக் கழுத்தில் போட்டிருக்கும் அவன் படம் சுவரில் மாட்டப்படும். மாதக்கணக்காகப் பவளப் பாம்பை வெறுங்கையால் அடக்கி ஆண்டவன் என்று தலைவர் பேசினார், கண் கலங்கி. அப்புறம் உங்கள் அறிக்கையிலிருந்து ஒரு வரியை வாசித்தார். 'அனுபவமிக்க வளர்ப்பாளர்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

என்னால் இரவு தூங்க முடியவில்லை. அவன் வாழ்நாளில் விஷப்பாம்பை வெறுங்கையால் பிடித்துக் கடிவாங்கியது ஒரே ஒரு தடவை, மேடம். அதன் முடிவை நீங்களே பார்த்தீர்கள். கொலை என்று எழுதுவீர்களோ வேறு என்ன எழுதுவீர்களோ, அது உங்கள் துறை, நான் தலையிட மாட்டேன். அந்த 'அனுபவமிக்க' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.