நுரை

— உக்காருங்கண்ணே. நீங்க கிரேன்ல ஏறுறதுக்குள்ள பிடிக்கணும்னுதான் ஆள் அனுப்பினேன்.

— என்ன சிஸ்டர், மெடிக்கல்ல நான் பாஸ்தானே? சக்கரை கிக்கரை ஒண்ணும் வரலையே?

— சக்கரை இல்ல. ஆனா நீங்க குடுத்த யூரின்ல புரதம் ஒழுகுது. பாட்டில்ல நுரை அடங்கவே இல்ல.

— வர்ற வழி பூரா மேடுபள்ளம். குலுங்கியிருக்கும்.

— சிரிக்காதீங்க. ரெண்டு தடவ பாத்துட்டேன். வேண்டியத உள்ள நிறுத்துறதுதான் கிட்னி வேலை. இதுல வேண்டியதே வெளிய போகுது.

— எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன் சிஸ்டர்.

— ஆரம்பத்துல வலிக்கவே வலிக்காது. அதான் பயமே. காலையில எந்திரிச்சா முகம் உப்பியிருக்கா?

— யாருக்கு? எனக்கா? இல்லையே.

— கால்ல வீக்கம்?

— செருப்பு வார் தடம் அப்படியே பதியும். சாயங்காலமானா.

— உங்க காலு நல்லாத்தானே இருக்கு?

— ஆமா… ஆமா. நீங்க கேளுங்க.

— வலி மாத்திரை ஏதும் போடுறீங்களா?

— தினம் ரெண்டு. கடையில கேட்டு வாங்குறது. முட்டி வலிக்கு.

— கிரேன் ஏணியில குரங்கு மாதிரி ஏறுறீங்க, உங்களுக்கு முட்டி வலியா?

— சிஸ்டர், இது முத்திப்போச்சா? அத மட்டும் சொல்லுங்க.

— இப்பவே பிடிச்சா கட்டுப்படுத்தலாம். விட்டா சத்தமில்லாம உள்ளயே தின்னுக்கிட்டு வரும். அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல படுக்கணும். ஏண்ணே இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— இப்ப என்ன பண்ணணும்?

— கையை நீட்டுங்க, ரத்தம் எடுக்கிறேன். நாளைக்குக் காலையில முதல் யூரின வீட்டுலயே பிடிச்சு எடுத்துட்டு வாங்க. ரெண்டும் சுத்தமா இருந்தா, முதல்ல ஏதோ தப்பு நடந்துருச்சுன்னு எழுதி ஃபைல மூடிடலாம்.

— மூடிடுவீங்களா? அப்புறம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களா?

— எதுக்குக் கேக்கணும்? நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. கையை ஏன் பின்னால இழுக்குறீங்க? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.

— என் ரத்தம் வேண்டாம் சிஸ்டர். எனக்கு நாலு வருசமா சக்கரை, கிரேன விட்டு இறக்கிடுவாங்கன்னு மறைச்சேன். இறக்கினா இறக்கட்டும், அந்தப் பாட்டில்ல இருந்தது என் வீட்டுக்காரியோடது.